நல்ல வேலை தானே பேசுமா?

சுரண்டையிலும் தென்காசியிலும் பாவூர்ச்சத்திரத்திலும், கடைப் பலகை, நோட்டீஸ், துணிப்பை, பாட்டில் லேபிள், லோகோ முதலியவற்றை வரைந்து கொடுத்து ஜீவனம் நடத்தும் இளைஞர்களிடத்திலும், அவர்களுக்கு வேலை கொடுக்கும் வியாபாரிகளிடத்திலும், நெடுநாளாக வேரூன்றிவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. நல்ல டிசைன் என்றால் அது தானே பேசும், அதை வரைந்தவர் வாய் திறந்து விளக்க வேண்டிய அவசியமில்லை. நாலு மாடல் போட்டு வாட்ஸாப்பில் அனுப்பினால் பார்ட்டி தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். எதிரே உட்கார்ந்து காரணம் சொல்வதும், வேலையின் விவரத்தையும் கூலியையும் எழுத்தில் வைப்பதும் சென்னை, பம்பாய்க் கம்பெனிகளுக்கு உரிய ஆடம்பரம் என்பதே அதன் சாரம். இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். தொழில் தெரியாதவர்களும் அல்லர். விடிய விடியக் கண்விழித்துக் கோரல் ட்ராவில் வேலை செய்கிறவர்கள், தம் வேலையைத் தாமே புகழ்ந்து பேசக் கூச்சப்படும் நல்ல சுபாவமுள்ளவர்கள், பேச்சைவிடக் காரியம் பெரிது என்று வளர்க்கப்பட்டவர்கள்தாம் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் உழைப்பை இந்த அபிப்பிராயம் வருஷந்தோறும் வீணாக்குகிறது என்று நான் உறுதியாக நம்புவதனால், அதன் ஒவ்வோர் அங்கத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்து மறுக்க முற்படுகிறேன்.

நல்ல வேலை தானே பேசும் என்ற வாக்கியத்தில் உண்மை இல்லாமலில்லை. சேர்ந்தமரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர் ஜன்னல் வழியே ஒரு கணம் பார்க்கும் கடைப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘இந்தச் சிவப்பை நான் ஏன் வைத்தேன் என்றால்’ என்று எந்த டிசைனரும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அங்கே அந்தப் பலகை தானே பேசத்தான் வேண்டும். பேசாவிட்டால் அது கெட்ட பலகை. ஆனால் இந்த வாக்கியத்தைச் சொல்லுகிறவர்கள் இரண்டு வேறு மனிதர்களை ஒருவராகவே எண்ணிவிடுகிறார்கள். பலகையைத் தெருவில் பார்ப்பவர் ஒருவர். அந்தப் பலகை உண்டாவதற்கு முன்னாலேயே அதற்குச் சரி சொல்ல வேண்டியவர் இன்னொருவர். முன்னவருக்குப் பலகை அதன் இடத்தில், அதன் அளவில், அதன் வெயிலில் கிடைக்கிறது. பின்னவருக்குக் கிடைப்பதோ உள்ளங்கை அகலமுள்ள போன் திரையில் ஒளிரும் ஒரு படம். பத்தடி நீளமுள்ள பலகை அந்தத் திரையில் இரண்டு அங்குலமாகச் சுருங்கிக் கிடக்கும்போது, அது எதைப் பேசும்? தன் இடத்துக்கு இன்னும் போய்ச் சேராத பொருளுக்கு வாய் கிடையாது. அதை வரைந்தவர் மனக்கண்ணில் மட்டும் கண்ட தெருவையும், தூரத்தையும், வெளிச்சத்தையும் வேலை கொடுத்தவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதே விளக்கத்தின் காரியம். அதைத் தற்புகழ்ச்சி என்று நினைத்து வெட்கப்படுவது, காரியத்தின் இயல்பை அறியாததனால் வரும் வெட்கம்.

இதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். பலகை எழுதுவோரிடையே, பத்து அடி தூரத்திலிருந்து வசதியாக வாசிக்க ஓர் அங்குல எழுத்து உயரம் என்று ஒரு கணக்கு வழங்குகிறது. இது உரோமன் எழுத்தை, அதிலும் பெரிய எழுத்தை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு. தமிழ் எழுத்தில் மேலே விலங்கும் புள்ளியும், கீழே இறங்கும் வாலும் கொம்பும், உள்ளே சுழியும் இருப்பதனால், அதே உயரத்துக்குள் அடைபடும் கோடுகள் அதிகம். ஆகவே தமிழுக்கு அந்தக் கணக்கு போதாது, இன்னும் தாராளமாக இடம் விட வேண்டும். மேலும், தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று பங்கு, பிறமொழி இருந்தால் அதற்கு இரண்டு பங்கு என்ற விகிதம் அரசாங்கத்தால் விதிக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்து ஒருவர் கடையின் பெயரைப் பெரிதாகத் தமிழில் போட்டு, கைபேசி எண்ணையும் கீழே வரும் சரக்குப் பட்டியலையும் சுருக்கியிருக்கிறார் என்று கொள்வோம். போன் திரையில் பார்க்கும் கடைக்கார அண்ணாச்சிக்குத் தெரிவதெல்லாம், பட்டியலில் ஏழு சரக்கு விட்டுப்போயிருக்கிறது என்பது மட்டுமே. ‘எல்லாத்தையும் போட்டுரு தம்பி’ என்று பதில் வரும். அந்த ஏழும் ஏறியவுடன், எதிர்ச்சாரியிலிருந்து எதையும் வாசிக்க முடியாத பலகை ஒன்று உண்டாகிவிடும். அண்ணாச்சி மீது இதில் குற்றமில்லை. எதிர்ச்சாரி எத்தனை அடி தூரம், அங்கிருந்து எந்த எழுத்து தெரியும் என்று அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

நிறத்தின் கதையும் இதுவே. திரை ஒளியை உமிழ்கிறது; காகிதமும் ஃப்ளெக்ஸும் தம்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகின்றன. திரையில் பளபளக்கும் பச்சையும் ஆரஞ்சும் நான்கு மையில் அச்சாகும்போது சற்று மங்கித்தான் வரும். மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டிய ஃப்ளெக்ஸில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, நீலமே மிஞ்சி நிற்பதைப் பழைய பலகைகளில் எவரும் பார்க்கலாம். இவற்றை முன்னாலேயே சொல்லி, அச்சான ஒரு துண்டைக் கையில் கொடுத்து, வாசலுக்கு அழைத்து வந்து வெளிச்சத்தில் காட்டியிருந்தால், ‘போன்ல ஒரு கலர், போர்டுல ஒரு கலர்’ என்ற மனத்தாங்கலுக்கு இடமே இராது.

தானே பேசும் என்று நம்புகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. ரூபாய்க்கு ஒரு குறி வேண்டுமென்று இந்திய அரசாங்கம் 2009-இல் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. ஐந்து வடிவங்கள் இறுதிச் சுற்றுக்குத் தேறின. அவற்றுள் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த உதயகுமாரின் வடிவத்தை 2010-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. கட்டடக் கலை பயின்று, பம்பாய் ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பில் ஆராய்ச்சி செய்தவர் அவர்; தமிழ் எழுத்துருவே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். இன்று நாம் விலைச்சீட்டிலும் நோட்டிலும் காணும் அந்தக் குறியைவிடத் தெளிவாகத் தானே பேசும் வடிவம் வேறு எது? ஆயினும் அதை அவர் வெறும் படமாக மட்டும் நீட்டிவிடவில்லை. தேவநாகரி ‘ர’ எழுத்தும், தண்டு நீங்கிய உரோமன் ‘ஆர்’ எழுத்தும் எப்படி ஒன்றில் ஒன்று இயைகின்றன, மேலே ஓடும் இரண்டு கோடுகளும் இடைவெளியும் எப்படி மூவர்ணத்தை நினைவூட்டுகின்றன, டாலர், பவுண்டு முதலிய பிற நாணயக் குறிகளின் குடும்பத்தோடு அது எப்படிப் பொருந்தி நிற்கிறது என்பவற்றையெல்லாம் படிப்படியாகக் காட்டும் விளக்கப் படங்களை அவர் தயாரித்திருந்தார். நாடு முழுவதும் பேசப்போகும் ஒரு குறிக்கே, பேச்சு வருவதற்கு முன்னால் ஒருவர் அதற்காகப் பேச வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் இப்படியே. சால் பாஸ் என்னும் மேதை 1969-இல் அங்கிருந்த பெல் தொலைபேசி ஸ்தாபனத்துக்குப் புதிய சின்னத்தைச் சமர்ப்பித்தபோது, ஏறக்குறைய அரைமணி நேரம் ஓடும் ஒரு திரைப்படத்தையே எடுத்துக் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு மணி என்னும் அந்தச் சின்னத்தைச் சிறு பிள்ளையும் புரிந்துகொள்ளும். ஆனால் அது வண்டிகளிலும், ஊழியர் உடைகளிலும், தொலைபேசிக் கூண்டுகளிலும் ஏறினால் எப்படி இருக்கும் என்பதை அதிகாரிகள் தாமாகக் கற்பனை செய்துகொள்ளட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை.

இனி, நாலு மாடல் போட்டுக் காட்டினால் போதும் என்ற வாதத்துக்கு வருவோம். இந்தப் பழக்கம் நம் சீமையில் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், அது சிவகாசியிலிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததனால் அச்சுத் தொழில் அங்கே செழித்தது. லேபிளை அடுத்துக் காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களின் வழியாகத் தென்னாட்டின் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் குடியேறினார்கள். இன்றைக்கும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுகிறார்கள். ஏஜெண்டு அந்தக் கனத்த ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுகிறார். கடைக்காரர் தாளைப் புரட்டி, ‘இந்தப் பிள்ளையாரைப் போடு, ஐந்நூறு’ என்கிறார். படத்தின் கீழே கடையின் பெயரும் விலாசமும் அச்சாகிவிடுகின்றன. புரட்டிப் பார்த்துப் பிடித்ததைத் தொட்டுக் காட்டும் இந்த முறை, காலண்டர் விஷயத்தில் முற்றிலும் நியாயமானது. படம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதே பிள்ளையார் சங்கரன்கோவில் கடைக்கும் போகலாம், சாத்தூர்க் கடைக்கும் போகலாம். கடைக்காரர் தேர்ந்தெடுப்பது தம் வாடிக்கையாளர் வீட்டுச் சுவருக்கு ஒரு தெய்வத்தை. அதற்கு அவருடைய பக்தியும் ரசனையுமே போதுமான அளவுகோல்.

லோகோவும் லேபிளும் அப்படிப்பட்டவை அல்ல. அவை ஒரு கடைக்கென்று, அந்தக் கடையின் சரக்குக்கும் அதன் கூட்டத்துக்குமென்று பிரத்யேகமாக உண்டாக்கப்படுபவை. இவற்றுக்கும் ஆல்பம் புரட்டும் வழக்கத்தை நீட்டியதில்தான் பிசகு நேர்ந்தது. நாலு மாடல் கேட்கப்படுகிறது என்று தெரிந்தவுடன், டிசைனர் என்ன செய்கிறார்? ஒன்றை யோசித்து வரைகிறார். மற்ற மூன்றையும் எண்ணிக்கைக்காக நிறத்தை மாற்றியும் எழுத்துருவை மாற்றியும் ஒப்பேற்றுகிறார். யோசித்தது எது, ஒப்பேற்றியது எது என்று பார்ப்பவருக்கு அடையாளம் தெரியாது. அவர் பெரும்பாலும் ஒன்றின் எழுத்தையும், இன்னொன்றின் நிறத்தையும், மூன்றாவதின் பூவேலையையும் எடுத்துச் சேர்க்கச் சொல்வார். அதிகாலையில் சுரண்டைக் காய்கறிச் சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூட்டையின் வாயைப் பார்த்து மட்டும் எந்த வியாபாரியும் விலை வைப்பதில்லை, கையை உள்ளே விட்டு அடிச்சரக்கை எடுத்துப் பார்க்கிறார். அதே மனிதரிடம் டிசைனை நீட்டும்போது மட்டும், நாம் மூட்டையின் வாயை மாத்திரம் காட்டிவிட்டு, சீக்கிரம் சொல்லுங்கள் என்கிறோம். அடிச்சரக்கு என்பது காரணம். அதைக் காட்டினால் சோதித்துப் பார்க்கும் திறமை அவரிடம் தாராளமாக இருக்கிறது.

டிசைனர் பால் ராண்டின் கதை இவ்விடத்தில் சொல்லத்தக்கது. 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தாம் புதிதாகத் தொடங்கிய நெக்ஸ்ட் கம்பெனிக்குச் சின்னம் வேண்டுமென்று அவரை அணுகினார். கூலி ஒரு லட்சம் டாலர். சில மாதிரிகள் காட்டுவீர்களா என்று ஜாப்ஸ் கேட்டதற்கு, ராண்ட் மறுத்துவிட்டார். ஒரே ஒரு தீர்வைத்தான் தருவேன் என்றார். அவர் கொண்டுவந்து கொடுத்தது, ஏறக்குறைய நூறு பக்கமுள்ள ஒரு சிறு புத்தகம். அந்தப் பெயரின் நான்கு எழுத்துக்களை எப்படியெப்படி எழுதினால் என்ன நேர்கிறது, அவற்றுள் ஒன்றை மட்டும் ஏன் சிறிய எழுத்தாக வைக்க வேண்டும், அவற்றை ஏன் ஒரு கறுப்புக் கனசதுரத்தின்மேல் இரண்டு வரியாக ஏற்ற வேண்டும், அந்தக் கனசதுரம் ஏன் 28 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக நடத்திச்சென்று, கடைசியில் சின்னத்தில் கொண்டு நிறுத்தியது அது. இந்தக் கதையைக் கேட்டவர்கள் ‘ஒரே மாடல்’ என்ற பிடிவாதத்தை மட்டும் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள்; நூறு பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். விளக்கமில்லாத ஒரே மாடல் அகங்காரம். விளக்கமில்லாத நாலு மாடல் குழப்பம். நம் ஊர் நிலைமைக்கு இரண்டு மாடல் வைப்பது உசிதம் என்பது என் எண்ணம். ஆனால் அவை இரண்டு வேறு யோசனைகளாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் காரணம் இருக்க வேண்டும், இவற்றுள் எதை நான் சிபாரிசு செய்கிறேன் என்று வரைந்தவர் கூசாமல் சொல்லவும் வேண்டும்.

பணம் கொடுப்பவர் சொன்னதைச் செய்வதுதான் தொழில், அதில் நமக்கென்ன வாதம் என்று சிலர் கேட்கிறார்கள். அடக்கமான வார்த்தைதான், ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் வேலை கொடுப்பவருக்கே நஷ்டம். அவர் சொல்லும் வார்த்தைக்கும் அவருடைய தேவைக்கும் இடையே பல சமயங்களில் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடப்பதற்கு அவரோடு உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. செக்கு எண்ணெய் விற்கும் ஒரு கடையில் நடந்த சம்பாஷணை ஒன்றைச் சொல்கிறேன். லேபிளின் புரூஃபை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு கடைக்காரர் சொன்னார்:

“எழுத்து பத்தாது தம்பி. இன்னும் பெருசா போடணும்.”

வழக்கமாக இதைக் கேட்டவுடன் கடைப் பெயரைப் பெரிதாக்கிவிட்டு, மனத்துக்குள் சலித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இளைஞர் அப்படிச் செய்யவில்லை.

“எந்த எழுத்து அண்ணாச்சி பத்தலை?”

“வாற பொம்பளையாளுக எல்லாரும் நல்லெண்ணெய் எது, கடலை எண்ணெய் எதுன்னு எங்கிட்டதான் கேக்காக. பாட்டிலைப் பாத்தா அவுகளுக்குத் தெரியலை.”

“அப்பம் கடைப் பேரு இப்படியே இருக்கட்டும். எண்ணெய்ப் பேரைப் பெருசாக்கி, மூணு எண்ணெய்க்கும் மூணு கலர் வச்சிருவோம்.”

“அதைத்தாம்ப்பா நானும் சொல்லுதேன்.”

அவர் சொன்னது அதுவன்று. அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரின் கண் எங்கே போகிறது, கை எங்கே நீளுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவரிடம் இருக்கும் ஞானம் எந்த டிசைனரிடமும் இல்லை. எழுத்தின் அளவையும் நிறத்தின் குணத்தையும் பற்றி டிசைனரிடம் இருக்கும் ஞானம் அவரிடம் இல்லை. இரண்டும் கூடும் இடம் அந்த மேஜை. ‘பிடிச்சிருக்கா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு படத்தை அனுப்பிவிட்டால், அந்தக் கூடல் நடக்காமலே போய்விடுகிறது. பிடித்திருக்கிறதா என்பதற்கு மைத்துனரும், பக்கத்துக் கடைக்காரரும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பையனும்கூடப் பதில் சொல்லலாம், சொல்லியும் விடுகிறார்கள். ‘மூன்று எண்ணெயும் ஒரே தட்டில் நின்றால் தூரத்திலிருந்து வேறுபாடு தெரிகிறதா?’ என்று கேட்டால், அந்தக் கடையை அறிந்தவர் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

லேபிள் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், தயாரித்தவரின் பெயரும் விலாசமும், பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் வருஷமும், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்க வேண்டிய தொடர்பு ஆகியவை பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டும் என்கின்றன. எண்களும் எழுத்துக்களும் எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்பதற்கும் அவற்றில் அளவு உண்டு. உணவுப் பொருளானால் பதினான்கு இலக்க உரிம எண்ணும், சைவம் என்பதற்கான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமும் வேண்டும். பின்பக்கத்தில் ஏன் இத்தனை இடத்தை இதற்கு ஒதுக்கினாய், அங்கே என் தாத்தா படத்தைப் போடலாமே என்று கேட்பவர் சொன்னதையே செய்துகொடுத்தால், ஐயாயிரம் லேபிளும் அச்சான பிறகு அவற்றைக் கடைக்குள் அடுக்கி வைக்க வேண்டியதுதான். சொன்னதைச் செய்தேன் என்பது அப்போது சமாதானமாகுமா?

எழுத்தில் எதையும் வைக்க வேண்டியதில்லை, எல்லாரும் தெரிந்த மனிதர்கள், வாய்ப்பேச்சே போதும் என்பது அடுத்த வாதம். மற்ற வாதங்களை விட இதற்கு நம் ஊர்களில் செல்வாக்கு அதிகம். கொட்டேஷனை நீட்டினால், ‘நம்மகிட்ட நம்பிக்கை இல்லையா தம்பி?’ என்று முகம் வாடிவிடும் என்று பயப்படுகிறார்கள். எழுதி வைப்பது நம்பிக்கையின்மையால் அல்ல என்பதை, அதில் என்ன எழுதப்படுகிறது என்று பார்த்தாலே உணரலாம். என்னென்ன செய்து தருவது, அதாவது பலகையா, பையா, பில் புக்கா, விசிட்டிங் கார்டா. எத்தனை முறை கரெக்ஷன் கூலிக்குள் அடங்கும். அச்சுக்கூலி இதில் சேருமா, தனியா. பெயர், விலாசம், எண்கள் ஆகியவற்றைப் புரூஃபில் சரிபார்த்துக் கையெழுத்திடுவது யார். அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது. இவையெல்லாம் நட்புள்ள இருவருக்கு இடையிலேயே மறந்து போகக்கூடிய விவரங்கள். மறந்தபின் நட்பைக் கெடுப்பவையும் இவையே. கூலி பேசப்பட்டது ‘லோகோவுக்கு’ என்று ஒருவர் நினைத்திருக்க, ‘கடைக்கு வேண்டிய எல்லாத்துக்கும்’ என்று மற்றவர் நினைத்திருக்க, கடை திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு அது வெளிப்படுவதைவிடக் கசப்பான தருணம் இந்தத் தொழிலில் இல்லை.

எழுதி வைக்காததன் தொல்லைக்கு இன்னோர் உதாரணம்: 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதுவரை ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று அச்சாகியிருந்த பலகைகளும், பைகளும், லெட்டர்பேடுகளும் மாற வேண்டியவையாயின. ஒரே ஒரு வார்த்தையை மாற்றும் இந்த வேலைக்கு மூல ஃபைல் யாரிடம் இருக்கிறது? அதைக் கேட்டால் கொடுக்க வேண்டுமா? எந்த எழுத்துருவில் அடித்தது? யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும் என்பதை அறியாதவர் இந்தத் தொழிலில் இல்லை. எழுத்துக்களைக் கோட்டுருவமாக மாற்றி ஒரு பிரதியும், மாற்றாமல் ஒரு பிரதியும் தருவேன் என்று ஒரே ஒரு வரி முன்னாலேயே எழுதப்பட்டிருந்தால், டிசைனரும் கடைக்காரரும் இது குறித்து ஒரு வார்த்தைகூட மிகையாகப் பேச வேண்டியிராது.

உரிமை என்ற விஷயமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதைப் படைத்தவரே. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம் போன்ற சிலவற்றுக்கும், சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கும் விலக்கு உண்டு. உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அப்படி எழுதும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பரம்பரையாக நடத்தப்போகும் கடையின் சின்னம் ஐந்து வருஷக் கணக்கில் நிற்கலாமா? அண்ணாச்சிக்கு இதைச் சொல்லி, முழு உரிமையும் உங்களுக்கே என்று எழுதிக் கொடுத்து, அதற்குரிய கூலியையும் கேட்டு வாங்கும் இளைஞர் அவரை அவமதிக்கவில்லை. அவருடைய பேரப் பிள்ளைகளின் வியாபாரத்துக்கும் சேர்த்து வேலை செய்கிறார்.

முதலில் ஒரு மாதிரி சும்மா போட்டுக் கொடு, பிடித்தால் பணம் என்ற வழக்கத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மேலே சொன்னவற்றை ஒப்புக்கொண்டவருக்கு இது தானே விழுந்துவிடும். விசாரித்து, கடையில் நின்று பார்த்து, எதிர்ச்சாரியிலிருந்து அளந்து, அதன் பின் வரைவதே வேலை என்றால், அந்த வேலையின் பெரும்பகுதி மாதிரிக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. இலவச மாதிரி போடுகிறவர் இந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் போட முடியும். ஆகவே தம் மோசமான வேலையையே காட்டித் தீர்ப்புக்கு நிற்கிறார். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் தம் கையைக் காட்ட விரும்பினால், தாம் முன்னே செய்த வேலைகளைக் கொண்டுபோய், ஒவ்வொன்றும் எந்தத் தேவைக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லட்டும், அது போதும்.

கடைசியாக, இதெல்லாம் பெரிய ஊர்ச் சமாசாரம், சுரண்டைக்கு ஒத்துவராது என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பம்பாயில் ஒரு பெரிய கம்பெனிக்குச் சின்னம் வரைகிறவர், அதைத் தீர்மானிக்கும் முதலாளியைப் பல சமயம் பார்க்கவே முடிவதில்லை. நடுவே மேனேஜர்களும் கமிட்டிகளும் நிற்பதனால் அவர் திரைகளையும் படங்களையும் திரைப்படத்தையும் நாட வேண்டியிருக்கிறது. இங்கே தீர்மானிப்பவர் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறார். பலகை மாட்டப்போகும் சுவர் அவர் தலைக்கு மேலே இருக்கிறது. வாசிக்கப்போகிறவர்கள் எதிரே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருக்கிறார்கள். பெயரை மட்டும் முழு அளவில் செய்தித்தாள்களை ஒட்டி எழுதி, கயிற்றில் கட்டி, சுவரில் அரைமணி நேரம் தொங்கவிட்டு, அண்ணாச்சியைச் சாலைக்கு அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போய் நிறுத்தி, ‘இங்கேயிருந்து வாசிக்க முடியுதா பாருங்க’ என்று கேட்பதற்குச் செலவு என்ன ஆகும்? ராண்ட் நூறு பக்கத்தில் செய்ததையும் பாஸ் அரைமணிப் படத்தில் செய்ததையும், சுரண்டையில் ஒருவர் பழைய பேப்பரும் பசையும் கொண்டு, அவர்களைக் காட்டிலும் நேராகச் செய்துவிடலாம். குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முன் லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் புதுப் பலகை கேட்டு வருகிறவர்களிடம், ஜூன் மாத நெரிசலில் ஐந்தருவிக்குத் திரும்பும் வண்டியோட்டிக்கு எந்த வார்த்தை முதலில் கண்ணில் பட வேண்டும் என்று, அந்தச் சாலையில் நின்றே பேசலாம்.

இப்படிப் பேசப் போகும்போது கையில் வேண்டியது ஒரு பக்கத் தாள்தான்: மேலே கடையின் தேவை என்னவென்று அண்ணாச்சி சொன்ன வார்த்தைகளிலேயே இரண்டு வரி, அதன்கீழ் அதற்காக நான் செய்யும் யோசனையும் காரணமும், அதன்கீழ் செய்து தரும் பொருள்களும் கூலியும் நாளும், அடியில் இருவருக்கும் கையெழுத்துக்கு இடம். தமிழில், அண்ணாச்சி கண்ணாடி போடாமல் வாசிக்கும் அளவு எழுத்தில் அடித்து, கையில் எடுத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த பிற்பகலில் போய் உட்கார வேண்டும். டிசைனைக் காட்டுவதற்கு முன்னால் அந்தத் தாளை அவரையே வாசிக்கச் சொல்லி, தேவையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லை என்று அவர் சொன்னால், படத்தை எடுக்காமலே திரும்பி வந்து வேலையை மறுபடி தொடங்கலாம். அதனால் நஷ்டம் ஒரு பிற்பகல்தான்.